ஜெயந்தியின் வோக்கல் டிராக்

ஸ்டுடியோ வேலையை விட்ட பிறகும் என்னை, சவுண்ட் இன்ஜினியர்களான உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. காலையில் பல் விளக்கும்போதே ஒருவன் கேட்கிறான்: "அண்ணே, வோக்கலுக்கு எந்த கம்ப்ரஸர் பெஸ்ட்டு?" மத்தியானம் ஒரு தங்கச்சி: "சார், ரிவெர்ப் எது வாங்கலாம்?" நான் பதில் போடுவதில்லை. இவர் சொன்னாரே என்று நம்பி வாங்கி எவனாவது ஏமாந்துவிட்டால்? எனக்கு முழுநேர வேலையே கவலைதான். மிக்ஸிங் எல்லாம் பகுதிநேரம்.

ஆனால் போன வாரம் ஒரு தம்பி, "அண்ணாத்த ரிடையர் ஆகும்போது காதையும் சேத்து ரிடையர் பண்ணிட்டாரு போல" என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். ரோஷம் வந்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு எது பெஸ்ட் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படாளத்தில் ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுருட்டி ஆரம்பித்தேன். பிறகு செங்கல்பட்டில் ரயில்வே லைனை ஒட்டி ஒரு ஸ்டுடியோ. பாடிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்பிரஸ் வந்தால் நிறுத்திவிட்டு, அது போனபிறகு மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் முதலாளி பிளக்-இன், அதாவது சத்தத்தைச் சரிபண்ணுகிற சாஃப்ட்வேர், எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. யாருமே வாங்கவில்லை. தாம்பரத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் ஒரே பென் டிரைவ்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் இருந்ததுதான் எங்கள் எல்லோருக்கும் சொத்து.

அந்தப் பென் டிரைவில் யாரோ புண்ணியவான் பெண் குரலுக்கென்று ஒரு செட்டிங் சேமித்து வைத்திருந்தான். மூக்கடைப்பு இருந்தாலும் தேன் மாதிரி ஆக்கிவிடும். எல்லா ஸ்டுடியோக்காரனும் அதையே போட்டான். கொஞ்ச காலத்துக்கு இந்தப் பக்கம் அம்மன் பாட்டு, கல்யாண வாழ்த்து, நகைக்கடை விளம்பரம் எல்லாம் ஒரே அம்மா பாடுகிற மாதிரி இருந்தது. கல்பாக்கத்திலிருந்து ஒரு ஆபீசர், தன் மனைவி பாடிய பஜனையை எடுத்துப்போக வந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது என் சம்சாரம் இல்லையே."

"அவங்கதான் சார்."

"இவ்ளோ சாந்தமா அவ பேசி நான் கேட்டதே இல்லையேப்பா."

அன்றைக்குச் சிரித்தோம். அடுத்தவன் சேமித்து வைத்த செட்டிங்கைப் போடுவது, அடுத்தவன் பவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டுகிற மாதிரி. சில நாள் தாண்டிவிடலாம்.

அதற்குப் பிறகு எந்த பிளக்-இன்னைத் திறப்பதற்கு முன்னாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். இந்தச் சத்தத்தோடு நாளைக்கு வெளியே போய் நிற்கப்போவது யார்? சினிமாப் பாட்டு என்றால் யாரும் நிற்க வேண்டாம், தியேட்டர் ஸ்பீக்கர் நின்றுகொள்ளும். ஆனால் நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மேடைக்காரர்கள். நாம் இங்கே பூசி அனுப்புவதை அவர்கள் அங்கே தொண்டையால் காட்ட வேண்டும். என் கவலைக்கு இந்தத் தொழிலில் ஒரு உபயோகம் இருந்தது என்றால் அது இது ஒன்றுதான். அதுவும் ஜெயந்தி விஷயத்தில் எதற்கும் ஆகவில்லை.

ஜெயந்தி திருக்கழுக்குன்றத்துக்காரி. மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். இந்தப் பக்கம் கோயில் திருவிழாவிலோ கல்யாண ரிசப்ஷனிலோ மேல் ஸ்தாயியில் ஒரு குரல் கணீரென்று போய் நின்று, கீழே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள் என்றால், பாடுவது ஜெயந்திதான். புருஷன் இல்லை. ஒரு மகள், பிளஸ் டூ. பாட்டு இல்லாத மாதங்களில் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள்.

அவளுக்குத் தைராய்டில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். மாறிவிட்டது. பேச்சில் ஒரு கரகரப்பு. பாட்டில், மேலே போனால் துணி கிழிகிற மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமல்லபுரம் போகிற ரோட்டில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு ரிசார்ட்டில், சனி ஞாயிறு சாயங்காலங்களில் பாட ஒரு குழு வேண்டும் என்று கேட்டார்கள். திருவிழா மாதிரி வருஷத்தில் நாலு மாதம் இல்லை, வாராவாரம். குழு நடத்துகிற குமரேசன் ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு டெமோ எடுக்க வந்தான். ரிசார்ட் மேனேஜர் முன்பு ஒரு ரிசப்ஷனில் அவள் பாடியதைக் கேட்டவராம். மற்ற பாட்டுகளோடு அந்தப் பாட்டும் டெமோவில் கட்டாயம் வேண்டும் என்றாராம். அவள் மேலே போய் நிற்கிற பாட்டு.

காலையிலிருந்து பாடினாள். திரும்பத் திரும்பப் பாடினாள். அந்த இடம் வரும்போதெல்லாம் கிழிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "இன்னொரு தபா போலாம்ணா" என்பாள். எனக்கு ஆபரேஷன் தையல் என்ன ஆகுமோ என்று பயம். குமரேசன் என் பின்னால் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான்.

"அத்த வுடுண்ணாத்த. மேல போற எடத்த பிளக்-இன் பாத்துக்கும். இன்னாத்துக்கு கீது அது?"

"பிளக்-இன் இங்க பாத்துக்கும் குமரேசா. அங்க கடற்கரையில யாரு பாத்துக்குவா?"

"டெமோ ஓகே ஆவட்டும் மொதல்ல. பொண்ணு பாக்க போறப்ப யாராவது பவுடர் போடாம போவாங்களா?"

அவன் சாப்பிடப் போன நேரத்தில் ஜெயந்தியை உள்ளே கூப்பிட்டேன். "பாட்டோட சுருதிய ரெண்டு கட்டை எறக்கிப் பாடிப் பாரும்மா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுருதியை இறக்குவது மேடைக்காரர்களுக்கு வயசைச் சொல்வது மாதிரி.

"எறக்கினா ஜெயந்திக்கு முடியலன்னு தெரிஞ்சுடும்ணா."

"யாருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும். ஒரு தடவை பாடு. புடிக்கலன்னா அழிச்சிடறேன்."

பாடினாள். அந்தக் கரகரப்பு கீழ்ச் சுருதியில் போய் உட்கார்ந்தபோது, முன்பு அவள் குரலில் இல்லாத ஒன்று வந்தது. முன்பு அவள் பாட்டைப் பாடினாள். இப்போது பாட்டில் சொல்லியிருந்ததைச் சொன்னாள். நான் போட்டது ரொம்பக் கொஞ்சம். சத்தம் ஏறி இறங்குவதைச் சமன் பண்ண மெதுவாக வேலை செய்யும் ஒரு கம்ப்ரஸர். சின்ன ஹாலில் பாடுகிற மாதிரி எதிரொலி கொடுக்கும் ஒரு ரிவெர்ப், அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. சுருதி திருத்துகிற பிளக்-இன்னைத் திறக்கவே இல்லை. மூச்சு வாங்குகிற சத்தத்தை எடுக்கவில்லை. எந்த பிளக்-இன் பெஸ்ட் என்று கேட்கிறீர்களே, திறக்காமல் விட்டதும் கணக்கில் சேரும்.

ஜெயந்தி கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"யாரோ புதுசா வந்த மாதிரி கீது. ஆனா நான்தான், இல்ல?"

"நீயேதான்."

"இத்த எங்க கேட்டாலும் என்னால பாடிட முடியும்ணா." முதல் தடவையாகச் சிரித்தாள்.

குமரேசன் வந்து கேட்டான். பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டான்.

"இன்னாண்ணாத்த இது? சளி புடிச்ச மாதிரி கீது. ரிசார்ட்காரன் கேட்டது பழைய ஜெயந்திய. நீ அவளோட பெரிம்மாவ கூட்டியாந்து நிறுத்திகினு கீற."

நான் வாதாடினேன். எனக்கு வாதாட வராது, நாக்கு குழறும், இருந்தாலும் வாதாடினேன். நாளைக்கு நேரில் பாடும்போது தெரிந்துவிடும், கெட்ட பேர் அவளுக்குத்தான் வரும் என்றேன். அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நேராக முதலாளியிடம் போனான். "எனக்கு டிராக்க குடுத்துடுங்க. மெட்ராஸ்ல நம்ம பையன் ஒருத்தன் கீறான், மிக்ஸிங் அவன் பாத்துக்குவான்."

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நீங்களும் இதே வழக்கத்தில்தான் வேலை செய்கிறீர்கள், யோசித்திருக்க மாட்டீர்கள். ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுத்தவனுக்கே டிராக் சொந்தம். பாடினவளுக்கு அதில் பேச்சே கிடையாது. முதலாளி சீட்டிலிருந்து எழுந்து வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மொத்த ஃபோல்டரையும் காப்பி பண்ணினார். பழைய சுருதியில் பாடின அத்தனை டேக். கிழிந்தது, கிழியாதது. இருமினது. நடுவில் அவள் "தண்ணி குடுங்கண்ணா" என்றது, மகளுக்கு போனில் "சோறு வடிச்சியா" என்று கேட்டது. எல்லாம்.

"மிக்ஸ் பண்ணினதை மட்டும் குடுக்கலாம் சார்" என்றேன்.

"டப்பு குடுத்தவன் கேக்குறான். ஒனக்கு இன்னாய்யா பேஜாரு?"

ஜெயந்தி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "வுடுங்கண்ணா, அவரு பாத்துக்குவாரு" என்றாள் என்னிடம்.

மெட்ராஸில் மிக்ஸ் ஆகி வந்ததைக் குமரேசன் எனக்கும் அனுப்பினான், வேண்டுமென்றே. நல்ல வேலை. பொய் சொல்லக்கூடாது. பழைய சுருதி, பழைய கணீர். மேலே போய்க் கண்ணாடி மாதிரி நின்றது. மூச்சு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் வழித்து எடுத்திருந்தார்கள். ரிசார்ட்டில் உடனே சரி என்றார்கள்.

முதல் சனிக்கிழமை நானும் போனேன். வீட்டில் இருந்தால் இருப்புக்கொள்ளாது என்று தெரியும். கடல் பக்கம் புல்தரை, மஞ்சள் விளக்கு, ஐ.டி. கம்பெனிக்காரர்களின் குடும்பங்கள். எதிர்க்காற்று வேறு. மற்ற பாட்டெல்லாம் எப்படியோ சமாளித்தாள். அந்தப் பாட்டை மேனேஜரே வந்து கேட்டார். அந்த இடம் வந்தது. கிழிந்தது. முன் டேபிளில் ஒரு குழந்தை சத்தமாகச் சிரித்தது. குழந்தைதானே. ஆனால் அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டாள். மேனேஜர் குமரேசனைத் தனியாகக் கூப்பிட்டு, "டெமோவுல பாடினது யாரு?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அடுத்த வாரத்திலிருந்து லேப்டாப் வந்தது. மெட்ராஸில் மிக்ஸ் ஆன டிராக் குரலோடு அதில் ஓடும், ஜெயந்தி மைக் முன்னால் வாயை அசைக்க வேண்டும். அசைத்தாள். மகளுக்கு காலேஜ் சேர்க்க வேண்டிய வருஷம் அது. "பாடாம கை தட்டு வாங்கறது ரொம்ப கஷ்டம்ணா" என்று ஒரு நாள் போனில் சொன்னாள். "அழுவுறதுக்கும் சிரிக்கிறதுக்கும் நடுவுல மூஞ்ச வெச்சிகினு நிக்கணும்."

எனக்கு அப்போதே ஒரு கவலை. வாயை அசைப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டால், எந்த வாயாக இருந்தால் என்ன? குமரேசனுக்கும் அது தோன்ற ரொம்ப நாள் ஆகவில்லை. மதுராந்தகத்திலிருந்து ஒரு காலேஜ் பெண்ணைக் கூட்டிவந்தான். நல்ல பெண்தான், அதன் மேல் குற்றமில்லை. நன்றாக உடுத்தும், நன்றாக நிற்கும். ஜெயந்தியிடம் "ஒடம்ப பாத்துக்கோ, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றான். ஜெயந்தி வீட்டில் ரெஸ்ட் எடுத்தாள். அவள் குரல் வாராவாரம் வேலைக்குப் போனது.

அவள் போய்க் கேட்டாள். "என் குரல் ஓடுது, நான் வேணாமா?" குமரேசன் சொன்ன பதிலை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள்: "பாடினது நீ, இல்லேங்கல. டிராக் என்னுது." எங்கள் முதலாளியிடமும் வந்து நின்றாள். அவரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். அப்புறம் என்னிடம் திரும்பி, "உங்க கம்ப்யூட்டர்ல அழிச்சா அங்கயும் அழிஞ்சிடுமாண்ணா?" என்று கேட்டாள். அழியாது என்றேன்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் வேலையை விட்டேன். காதில் இரைச்சல் என்று சொன்னேன். அது உண்மை, முழு உண்மை இல்லை.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள். சவுண்ட் இன்ஜினியரிங் என்று சர்டிபிகேட் வைத்திருக்கிறீர்கள். எந்த பிளக்-இன் எத்தனை சதவீதம் என்று யூடியூபே சொல்லிக்கொடுத்துவிடும். அது சொல்லாததைச் சொல்கிறேன். பூச்சு இல்லாத டிராக்கை வெளியே கொடுக்கும்போது, பாடினவர் அந்த அறையில் இருந்தால் திரும்பி அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். முதலாளி முறைப்பார். கஸ்டமர் சிரிப்பான். "நாங்க சம்பளத்துக்கு வேலை செய்யறவங்க, எங்களால என்ன முடியும்" என்பீர்கள். தெரியும். நானும் சம்பளத்துக்கு வேலை செய்தவன்தான். வாதாடினேன், தோற்றேன். நியாயமாக நடந்தால் கடைசியில் நல்லது நடக்கும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பார்த்தது அப்படி இல்லை.

கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் கோடை முடிகிற சமயம் ஜெயந்தி போன் பண்ணினாள். குமரேசனிடமும் முதலாளியிடமும் கேட்டாகிவிட்டது, ரிசார்ட் மேனேஜரை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமா, துணைக்கு வருவீர்களா என்றாள். மறுபடி மேடை கேட்கவில்லை. அந்த முதல் சனிக்கிழமையிலிருந்து, டெமோவில் பாடியது வேறு யாரோ என்றே மேனேஜர் நினைத்துக்கொண்டிருந்தார். "அது என் கொரலுன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்ணா" என்றாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். வயசானவர், இந்த ஊர்க்காரர்தான். "சாரு மீட்டிங்ல கீறாரு. அந்தாண்ட நெழல்ல குந்துங்க."

மதிலுக்கு இந்தப் பக்கம் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். சாயங்காலம் ஆனதும் உள்ளே பாட்டு ஆரம்பித்தது. ஜெயந்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் குரல்தான். பாதிப் பாட்டில் என் கையைப் பிடித்தாள்.

"இது என்னா பாட்டுண்ணா?"

"புதுப் படத்துப் பாட்டு. போன மாசம் வந்துது."

"இத்த நான் பாடவே இல்லியே."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை. ஒருத்தர் பாடினதும் பேசினதும் போதுமான அளவு கையில் இருந்தால், வேறு யார் பாடினாலும் அதை அவர் குரலாக மாற்றிக் கொடுக்கிற பிளக்-இன் வந்துவிட்டது. அவளுடைய இருமல் வரைக்கும் மொத்த ஃபோல்டரும் குமரேசனிடம் இருக்கிறது. தெரிந்த வரைக்கும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே பாட்டு மேலே ஏறியது. ஆபரேஷனுக்கு முன்னால்கூட அவள் போகாத உயரம்.

செக்யூரிட்டி தலையாட்டி ரசித்தார். "சூப்பரா பாடுதும்மா இந்தப் பொண்ணு. எந்நேரமானாலும் சளைக்காது." பிறகு இன்டர்காமைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா விஷயம்னு சொல்லணும் சாராண்ட?" என்று கேட்டார்.

பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. கழுத்துத் தழும்பின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உள்ள பாடுறது என் கொரலுன்னு சொல்லுங்க" என்றாள், கரகரவென்று.

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மனுஷன் நல்லவர், சிரிக்காமல் அப்படியே போனில் சொன்னார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சாரு கேக்குறாரு, அப்போ இங்க பேசிகினு கீறது யாரு கொரலுன்னு."